அன்று நாம் எங்கிருந்தோம்?

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

விழாக் குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு, நாட்டின் துயர நாள்களில் நம் மக்கள் எங்கிருந்தனர், என் செய்தனர் என்பதாகும். வெள்ளிவிழா மகிழ்ச்சிக்குரிய நாளாயிற்றே, இன்று துயரத்தைப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். மணவீட்டில் பந்தற்கால் நடுவதற்கு முன்னரே மறைந்த மூத்தோர்க்குப் படையலிட்டு அவர்தம் பெயரைச் சொல்லிக் கும்பிடுவது நம் இல்லங்களில் வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாக நாம் எதுவும் செய்துவிடவில்லை என்று அவருக்கு விடை கூறினோம்.

பெருந்துயரம் ஒன்று ஒரு நாட்டைத் தாக்குமாயின், அந்நாட்டு மக்கள் பல்லாண்டுகள் கழித்தும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "அச்செய்தி வந்தபோது நீங்கள் எங்கிருந்தீர்கள்?" என்பதே. அமெரிக்க மக்கள் 1963 நவம்பர் 22-ஆம் நாளைக் குறித்து இவ்வாறு கேட்பர். அன்றுதான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 2001 செப்டம்பர் 11-ஐக் குறித்தும் கேட்பர். நம் நாட்டில் முதியோர் 1948 ஜனவரி 30-ஐச் சொல்வர். அடுத்த தலைமுறையினர் 1964 மே 27-ஐயும் 1984 அக்டோபர் 31-ஐயும் சொல்வர். கேட்பதற்கு எளிய கேள்விதான். எங்கும் நிற்கலாம், எவ்விடத்தும் அமரலாம் என்ற உரிமையோடு பிறந்தவர்க்கு அது எளிது. நம்மைப் பொறுத்தவரை "எங்கிருந்தீர்கள்?" என்னும் கேள்விக்குள், "எங்கிருக்க விடப்பட்டீர்கள்?" என்னும் மற்றொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. தேநீர்க் கடையின் வானொலிப் பெட்டி உள்ளே இருந்தது. நம் பாட்டன்மார் வெளியே நின்றனர். நாட்டுச் செய்திகளை நம் தெரு கேட்டதெல்லாம் அந்த வாசற்படிக்கு இப்புறம் நின்றுதான்.

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. மாலை 5 மணி கடந்து 17 நிமிடம். தில்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் வழிபாட்டுக் கூட்டத்திற்கு நடந்து சென்றுகொண்டிருந்த காந்தியடிகளை நாதுராம் கோட்சே மூன்று குண்டுகளால் சுட்டு வீழ்த்தினான். அன்றிரவே நேரு வானொலியில் பேசினார். அப்போது திருநெல்வேலியில் வானொலி நிலையம் இல்லை. அது தொடங்கியது 1963-இல். 1939 முதல் இயங்கிய திருச்சி நிலையமே தென்பாண்டி நாட்டிற்கும் செய்தி தந்து வந்தது. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் தென்காசியில் மிகச் சிலர். ஆதலின் குத்துக்கல்வலசைப் பகுதியில் வயல்வேலை செய்துவந்த நம் மக்களுக்குச் செய்தி வந்து சேர்ந்தது மறுநாட் காலையில்தான்.

அந்தக் காலையைப் பற்றி நமக்குச் சொன்னவர், சில ஆண்டுகளுக்கு முன் காலமான ஒரு மூதாட்டி. அன்று அவருக்குப் பத்து வயது. பிசானப் பயிர் கதிர் வாங்கும் பருவம். தாய் வயலில் இறங்கியிருக்க, அவர் வரப்பில் நின்று குருவி விரட்டிக்கொண்டிருந்தார். வயற்காரரின் ஆள் வந்து, "காந்தி இறந்துபோனார், இன்று வேலை கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார். தாய் கரையேறி நின்று, "அரைநாட் கூலியாவது உண்டா, ஐயா?" என்று கேட்டாராம். "காந்தி செத்ததுக்குக் கூலியா?" என்று விடை வந்ததாம். மூதாட்டியார் இதனைச் சொல்லும்போது சிரிப்பார். பின்னர்ச் சிரிப்பை நிறுத்தி இவ்வாறு சொன்னார்: "அன்னைக்கு நம்ம தெருவுல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. துக்கத்துல எரியாத அடுப்பு எது, நெல்லு இல்லாம எரியாத அடுப்பு எதுன்னு எனக்குத் தெரியாது."

காந்தியடிகளின் மறைவு குறித்து எத்துணையோ நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அந்த ஒரு சொற்றொடருக்கு ஈடான ஒன்றை அவற்றுள் நாம் இன்னும் காணவில்லை. அன்று பிற்பகல் ஊரார் அனைவரும், இறந்தவர் தம் உறவினர் என்பதுபோல், சிற்றாற்றிற்குச் சென்று தலைமுழுகினர் என்றும் அவர் கூறினார். ஊரார் படித்துறையில் முழுகினர். நம்மவர் கீழே, மாடு குளிப்பாட்டும் துறையில் முழுகினர். துக்கம் ஒன்று, துறை இரண்டு.

காந்தியடிகளுக்கும் இப்பகுதிக்கும் முன்னரே ஒரு தொடர்பு உண்டு. 1934-இல் அரிசன நலச் சுற்றுப்பயணத்தில் அவர் குற்றாலம் வந்தார். தாழ்த்தப்பட்டோர் அருவிக்குச் செல்ல வழியில்லை என்றறிந்து, தாமும் நீராடாமலே திரும்பினார். நம் பெரியோர் இதனைப் பல்லாண்டுகள் நன்றியுடன் சொல்லி வந்தனர். அதே பயணத்தில், அதே ஜனவரித் திங்களில், அவர் திருநெல்வேலியில் கூறிய ஒரு கருத்து நாடெங்கும் பெரும் வழக்காயிற்று. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையே இது என்று காந்தியடிகள் கூறினார். இரவீந்திரநாத் தாகூர் இதனை மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்பது அவர் வாதம். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுத் தம் விடையையும் எழுதினார். எதிர்ப்புரைக்குத் தம் இதழிலேயே இடமளித்த பண்பு பெரிது.

இருப்பினும் இவ்வழக்கில் நாம் தாகூரின் பக்கம் நிற்கின்றோம். காந்தியடிகள் நமக்காகவே அதனைச் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. பீகாரில் இடிந்து விழுந்த சுவர்களின் கீழ் நம்மவர் சிக்கவில்லையா? தீண்டாமையால் துன்புற்றவனும் தீண்டாமையின் பொருட்டே தண்டிக்கப்பட்டானா? மேலும், ஊரில் கொள்ளைநோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் எவரோ செய்த பாவம் என்று விரல் நீட்டப்படும்போது, அவ்விரல் பெரும்பாலும் நம் தெருவை நோக்கியே நீண்டுள்ளது. பேரிடரைப் பாவத்தின் கூலி என்று கூறும் வழக்கம் எவர் கையிலும் கூரிய கருவியாகும். இளைஞர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இனி 1956-க்கு வருவோம். இந்த உரையில் நாம் மிகுதியும் பேச விழைவது அந்த ஆண்டைப் பற்றியே.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டன. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. அம்மாதம் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வண்டி தென்மாவட்டத்திற்குரியது, ஆதலின் அச்செய்தி வேகமாகப் பரவிற்று. நம் தெருவிலும் அதனை அறியாதவர் இல்லை. தென்காசி நிலையத்தில் மூட்டை தூக்கியவர்களும், வண்டியை எதிர்நோக்கி அழுதுகொண்டு நின்றவர்களைக் கண்டவர்களும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தனர்.

இரண்டு வாரம் கழிந்தது. 1956 டிசம்பர் 6, வியாழக்கிழமை. தில்லி அலிப்பூர்ச் சாலை 26-ஆம் எண் இல்லத்தில், இரவில் உறங்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர் காலையில் எழவில்லை. அகவை 65. நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் பௌத்தம் தழுவியது அக்டோபர் 14-இல். அதன்பின் இரண்டு திங்களும் நிறையவில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலுக்கான முன்னுரைத் தாள்களை முந்தைய இரவிலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நூல் அச்சாகி வெளிவந்ததை அவர் காணவில்லை. நாடாளுமன்ற மக்களவையில் நேரு இரங்கலுரை நிகழ்த்த, அவை ஒத்திவைக்கப்பட்டது. அவர் உடல் அன்றிரவே வானூர்தியில் பம்பாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டது. மறுநாள் தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டினர். பம்பாய் நகரம் அதற்கு முன் கண்டிராத கூட்டம். சிதையின் முன்னிலையிலேயே பெருந்திரளான மக்கள் பௌத்தம் தழுவினர்.

அன்று நாம் எங்கிருந்தோம்?

நம் பகுதி முதியோர் சிலரிடம் கழகத்தினர் இக்கேள்வியைக் கேட்டனர். காந்தி மறைந்த நாளை மணிக்கணக்காகச் சொன்னவர்கள், அரியலூரைச் சொன்னவர்கள், இக்கேள்விக்கு மௌனமாயினர். நினைவு தவறியதால் வந்த மௌனம் அன்று. செய்தியே வந்து சேரவில்லை. டிசம்பர் 6-ஆம் நாள் நம் தாய்மார் பிசான வயலில் களை பறித்துக்கொண்டிருந்தனர். 7-ஆம் நாளும் பறித்தனர். 8-ஆம் நாளும் பறித்தனர். "இன்று வேலை இல்லை" என்று சொல்ல எவரும் வரப்பிற்கு வரவில்லை. கூலி கிடைத்தது. அடுப்பு எரிந்தது. தமக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒருவர் மறைந்தார் என்பதை அறியாமலே நம் தெரு உறங்கிற்று.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் செய்தி நுழைந்தது. அவ்வீட்டுப் பிள்ளை பாளையங்கோட்டையில் கல்லூரியில் பயின்றவர். அக்காலத்தில் நம் பகுதியிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் பயின்றது மத்திய அரசு அளித்த கல்வி உதவித்தொகையால். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்காகத் தாழ்த்தப்பட்டோர்க்கு அவ்வுதவித்தொகை வழங்கும் திட்டம் 1944-இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலம் அது. இளைஞர்கள் இன்றும் விண்ணப்பித்துப் பெறுகின்ற அந்த உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது.

அம்மாணவர் வெள்ளிக்கிழமை நாளிதழில் செய்தியைப் படித்தார். விடுதியில் தம்மைப் போன்ற நால்வர் அன்று இராச்சோறு உண்ணாமலிருந்தனர் என்று பின்னாளில் கூறினார். சனிக்கிழமை நாளிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் வந்தார். தந்தையார் வைக்கோற் கட்டை இறக்கிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். மகன் நாளிதழை விரித்துப் படத்தைக் காட்டினார்.

"யாருலே இது? கோட்டு போட்டிருக்காரு. கலெக்டரா?"

மகன் சொன்னார். அரசமைப்புச் சட்டம் என்றார். வட்டமேசை மாநாடு என்றார். அம்மாநாட்டில் நம் நாட்டு இரட்டைமலை சீனிவாசனாரும் அவருடன் சென்றார் என்றார். தந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறுதியில், "எனக்கு மாசாமாசம் பணம் வருதுல்லா, அத வர வச்சவரு" என்றார். தந்தையார் சிறிது நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா போறீய?"

"நமக்குச் சோறு போட்டவருன்னா தலை முழுகணும்லா."

வாய்க்காலுக்குச் சென்று தலைமுழுகிவிட்டு வந்தார். மார்கழி பிறக்கவிருந்த காலம், பொழுதும் சாய்ந்துவிட்டது, நீர் குளிர்ந்திருக்கும். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார், "யாரு தவறுனது?" என்று கேட்க, "நம்ம ஆளு ஒருத்தரு, டெல்லியில" என்றாராம். அம்பேத்கரின் மறைவுக்காகக் குத்துக்கல்வலசைப் பகுதியில் அன்று நிகழ்ந்த நீத்தார் கடன் அந்த ஒரு முழுக்கே என்பது நாம் கேட்டறிந்த அளவிலான முடிவு. பம்பாயில் இலட்சம் பேர், இங்கே ஒருவர். ஆயினும் கேட்டவுடன் செய்தார். எவரும் சொல்லிச் செய்யவில்லை.

அந்த மகன் பின்னாளில் அரசுப் பணியில் அமர்ந்து, ஓய்வு பெற்று, மறைந்தும் போனார். தந்தையாரின் முழுக்கைப் பற்றி அவர் நமக்குச் சொன்னது ஒரே முறை, பேருந்துக்காகக் காத்திருந்த இடத்தில்.

நம் தெரு வீடுகளில் அண்ணலின் படம் பரவலாக இடம்பெற்றது அவர் நூற்றாண்டின் போதுதான். 1990-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டு, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் திறக்கப்பட்ட காலம் அது. டிசம்பர் 6-ஐ நினைவு நாளாக நாம் கொண்டாடத் தொடங்கியதும் அதனை ஒட்டியே. ஆனால் ஊழின் விளையாட்டைப் பாருங்கள்! 1992 டிசம்பர் 6-இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அன்றுதொட்டு அந்த நாள் வந்தால் இரயில் நிலையங்களில் காவலர் நின்று பெட்டிகளைச் சோதிக்கின்றனர். "டிசம்பர் 6 என்றவுடன் நினைவுக்கு வருவது யாது?" என்று சென்ற ஆண்டு மாலை வகுப்பில் கேட்டபோது, "தென்காசி ஸ்டேஷனில் செக்கிங்" என்று ஒரு சிறுவன் விடை கூறினான். அவன் மீது குற்றமில்லை. ஒரு நாளின் மேல் மற்றொரு துயரம் வந்து அமர்ந்துவிட்டது.

நேரு மறைவு, இந்திரா காந்தி கொலை, இராசீவ் காந்தி கொலை ஆகியவற்றை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. அவற்றை அறியாதார் இலர். வானொலியில் பாட்டும் நாடகமும் நின்று நாள்தோறும் வீணையும் வயலினும் மட்டும் ஒலித்தது, 1984-இல் காலையில் சுடப்பட்டவர் இறந்துவிட்டார் என்று வானொலி மாலையில்தான் அறிவித்தது, 1991 மே 21-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் பேருந்துகள் நின்றுபோய் மக்கள் கால்நடையாகவே ஊர் திரும்பியது எல்லாம் பலர் வாயிலாகக் கேட்டவை. இவையனைத்தும் கொடி தாழப் பறந்த துயரங்கள். விடுமுறை அறிவிக்கப்பட்ட துயரங்கள்.

கொடி தாழாத துயரங்களும் உள. 1968 டிசம்பர் 25-இல் தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நால்வர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டது கூலி உயர்வு. அதனை நாட்டுத் துயரம் என்று கொள்வதா, ஒரு வட்டத்தின் துயரம் என்று கொள்வதா? கொடியைக் கொண்டு அளப்போமாயின் அது நாட்டுத் துயரம் ஆகாது. நாம் அவ்வாறு அளப்பதில்லை.

அன்றைய நம் மாவட்டத்து ஆற்றிலேயே நிகழ்ந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டிப் போராடிச் சிறைப்பட்டிருந்தனர். அவர்களை விடுவிக்கக் கோரித் திருநெல்வேலியில் பேரணி ஒன்று கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றது. காவலர் தடியடி நடத்தினர். ஒரு பக்கம் காவல். ஒரு பக்கம் தாமிரபரணி. மக்கள் ஆற்றில் இறங்கி ஓடினர். பதினேழு பேர் இறந்தனர். அவருள் இருவர் பெண்கள். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தை.

அன்று நம்மில் சிலர் குற்றாலத்தில் இருந்தோம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த பருவம். ஐந்தருவியிலும் பேரருவியிலும் வெளியூர்க் கூட்டம். நம் இளைஞர்க்கு அந்த இரண்டு மூன்று திங்கள்தான் கையில் காசு புரளும் காலம். எண்ணெய் தேய்த்துவிடுவோரும், மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளை இறக்குவோரும், வண்டி துடைப்போரும் எனப் பலர் அங்கிருந்தனர். பிற்பகலில் திருநெல்வேலிப் பேருந்துகள் குறையத் தொடங்கின. வேன் ஓட்டுநர் ஒருவர், "கலவரம், ஆற்றிலே விழுந்து செத்துக்கிடக்கிறார்கள்" என்றார். எவர் செத்தார், எதற்காகச் செத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது, காலையில் நம் உறவினர் சிலர் அப்பேரணிக்கே சென்றிருந்தனர். அருவிக்கரையில் ஆரவாரம் சிறிதும் குறையவில்லை. குளித்துக்கொண்டிருந்தோரைக் குறை கூறுதல் தகாது. அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்? குற்றாலத்து நீர் சிற்றாறாகி ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அன்று மாலை அந்தக் கூடலில் எது வந்து எதனோடு கலந்தது என்று நினைத்துப் பார்க்கவும் நெஞ்சு நடுங்குகிறது.

சென்றவருள் ஒரு பெண்மணி அன்றிரவு வீடு திரும்பவில்லை. மறுநாள் வந்தார். பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கியதாகச் சொன்னார்; ஒரு காலில் செருப்பு இல்லை. ஆற்றில் எவர் கையையோ பற்றிக்கொண்டு கரையேறினாராம். அக்கை எவருடையது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அருவியூரில் பிறந்து வளர்ந்த அவர் அதன்பின் ஒருநாளும் அருவியில் நீராடியதில்லை.

நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 'நதியின் மரணம்' என்னும் ஆவணப்படத்தை ஆர். ஆர். சீனிவாசன் எடுத்தார். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 23-இல் மக்கள் தாமிரபரணியில் மலர் தூவுகின்றனர். அத்தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. ஆயினும் 2024-இலேயே நிறுவனம் தோட்டத்தை மூட முற்பட்டு, தலைமுறைகளாக மலையில் வாழ்ந்தவர்கள் இறங்க நேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். விசாரணை வருகிறது, கண்டவர்கள் கண்டதை எழுதித் தரலாம் என்ற பேச்சு நம் தெருவிலும் வந்தது. அன்றிரவு சிலர் கூடினோம். ஆற்றில் இறங்கி மீண்டவர்கள் இருந்தனர். அவர்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நாம் இருந்தோம். நாம் அங்கே இல்லை. பார்த்தவர் கையில் எழுத்தில்லை. எழுத்துள்ளவர் கண்ணில் காட்சி இல்லை. அந்தப் பெண்மணி சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் எழுதினார். படித்துக் காட்டியபோது, "நான் சொன்னது இது இல்லியே, இது பேப்பர்ல வர்ற மாதிரில்லா இருக்கு" என்றார் அவர். மீண்டும் எழுதினோம், மூன்று முறை எழுதினோம். மூன்றாவதிலும் அவருக்கு நிறைவில்லை. அத்தாள் எங்கும் அனுப்பப்படவில்லை. கழகப் பேழையில் இருக்கிறது. அவர் தம் கையாலேயே எழுதக் கற்றால் என்ன என்று அன்றிரவு ஒருவர் கேட்டார். மறு ஆண்டு நம் கழகம் தொடங்கியது. முதல் மாலை வகுப்பில் வந்தமர்ந்த மாணவர் பதினொருவர். அவருள் ஒருவர் அப்பெண்மணி. இன்று இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கின்றார். பெயர் சொன்னால் சினந்துகொள்வார்.

2004 டிசம்பர் 26-ஐயும் விட்டுவிடலாகாது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை எழுந்து தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுசென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் பேரழிவு. அன்று எங்கிருந்தீர்கள் என்று கேட்டால் பலர் தொலைக்காட்சி முன் இருந்தோம் என்பர். நம் உறவினர் ஒருவர், துப்புரவுப் பணியாளர், வேறு விடை வைத்திருக்கிறார். பல ஊர்களின் துப்புரவுப் பணியாளர் அங்கே அனுப்பப்பட்டனர். சேற்றிலும் முள்ளிலும் சிக்கிய உடல்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே, நம்மவர்களே. கையுறையும் முகமூடியும் போதாமல் பலர் வேலை செய்தனர் என்பது அப்போதே எழுதப்பட்ட செய்தி. நம் உறவினர் அங்கே பல நாள் பணியாற்றித் திரும்பினார். நிவாரணம் பற்றியும் அரசு பற்றியும் அவர் பேசுவதில்லை. ஒரு குழந்தையின் கையில் வளையல் இருந்தது, அதைக் கழற்றாமலே புதைத்தோம், கழற்றச் சொன்னவரோடு சண்டையிட்டேன் என்று மட்டும் சொல்வார். அந்த நாள்களின் வரலாற்றை எழுதுவோர் அவரையன்றோ முதலில் கேட்க வேண்டும்? இதுவரை எவரும் கேட்டதில்லை.

இப்போது செயலுக்கு வருவோம். நம் முதியோரின் இத்தகைய நினைவுகளை எழுதிவைப்பதென்று கழகச் செயற்குழு முடிவு செய்துள்ளது. 1948-ஐ நேரிற் கண்டவர் நம் பகுதியில் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவருள் இருவர்க்குச் செவி மந்தமாகிவிட்டது. ஆதலின் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கேட்கச் செல்லும் இளைஞர்க்குச் சில குறிப்புகள். "காந்தியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளாதீர்கள், மேடைப்பேச்சே விடையாக வரும். அன்று என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எந்த வயல், யார் வந்து சொன்னார், எங்கே நின்று கேட்டீர்கள், கூலி கிடைத்ததா, இரவு என்ன உண்டீர்கள் என்று கேளுங்கள். ஆண்டு தவறினால் அப்பொழுதே திருத்தாதீர்கள். நேரு இறந்த அன்று அருவியில் சீசன் கூட்டம் என்று ஒரு தாத்தா சாதிக்கிறார். மே 27-இல் ஏது சீசன்? அவர் சொன்னவாறே எழுதிக்கொள்ளுங்கள். நாட்காட்டியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை அவர் நினைவில் வேறொரு துயரம் அந்த நாளோடு சேர்ந்திருக்கலாம். அது என்னவென்று இன்னொரு நாள் சென்று கேட்கலாம். அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். எழுதிய பின் படித்துக் காட்டுங்கள். "நான் சொன்னது இது இல்லை" என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வோர் செய்யலாம்; ஆனால் அதைத் தாளிலும் எழுதிவைக்க வேண்டும். அழுதால் எழுதுவதை நிறுத்திவிட்டு உடன் இருங்கள்.

பெண்களிடம் பெண் பிள்ளைகள் செல்வது நல்லது. ஆண்கள் திண்ணையில் அமர்ந்து சொல்வதும் பெண்கள் அடுப்படியில் இருந்து சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டும் வேண்டும்.

நோட்டுப் புத்தகங்கள் கழகத்தில் வந்திறங்கியுள்ளன. அடுத்த ஞாயிறு காலை முதல் வீடுவீடாகச் செல்லலாம் என்று எண்ணம். மேலத்தெருவிலிருந்து தொடங்குவதா, வாய்க்காற்கரையிலிருந்து தொடங்குவதா என்பதை இன்று மாலைக்குள் நீங்களே கூடி முடிவு செய்யுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.